சர்வகலாசாலையும் மனு எழுதும் கூலியும்

(உத்திரமேரூரில் செய்த சொற்பொழிவு)



ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு மனுப் போட, சர்வகலாசாலைகள் வெளியாளைக் கூலிக்கு வைத்து எழுதி வாங்குகின்றன. இதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். "ஏர் பிடிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சர்க்கார் கொடுக்கும் அந்தப் பணம் உங்கள் வரிப்பணம். அங்கே படிப்பது உங்கள் பிள்ளை. வேறென்ன சம்பந்தம் வேண்டும்?

தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரை நீங்கள் அறிவீர்கள். பட்டா மாற்ற வேண்டியவன் எழுதத் தெரியாமல் அவரிடம் போகிறான். அதில் வெட்கமில்லை. ஆனால், பண்டிதர்கள் நிறைந்த சர்வகலாசாலை மனு எழுத ஆள் தேடுவானேன்? எழுதத் தெரியாமல் அல்ல. பணம் கொடுக்கும் கமிட்டிகளுக்குப் பிடித்தமான ஒரு தனிப் பாஷை ஏற்பட்டுவிட்டது. "புதுமை", "தாக்கம்", "உலகத்தரம்" என்ற சொற்களை இடமறிந்து தூவத் தெரிந்தவனுக்கே அங்கு யோக்கியதை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் நடக்கின்றன.

எழுதிப் பிழைப்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. "விஞ்ஞானிக்கு நேரம் மிச்சமாகிறது" என்கிறார்கள், அதிலும் நியாயமுண்டு. ஆஸ்திரேலியாவில் 2012-இல் ஒரே ஒரு வைத்திய ஆராய்ச்சி நிதிக்கு மனுத் தயாரிக்க விஞ்ஞானிகள் செலவிட்ட காலத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். 500 வருஷத்துக்கு மேல் ஆயிற்று! ஐந்தில் ஒரு மனுதான் தேறிற்று. ஆனால் ஆள் வைத்தால் இந்த வீண் ஒழியுமா? பணமுள்ள சர்வகலாசாலை கெட்டிக்கார ஆளை வைக்கும். அதைப் பார்த்து மற்றதும் வைக்கும். கையில் காசில்லாதது பின்தங்கும். நிதியோ ஒரு காசும் கூடாது.

நம் நாட்டு நிலை என்ன? சர்க்காரின் விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி போர்டு கொடுத்த பணத்தில் நூற்றுக்கு 65 பங்கு ஐ.ஐ.டி.க்களுக்கும், 11 பங்கு மாநில சர்வகலாசாலைகளுக்கும் போயிற்று என்று 2023-இல் மந்திரி ஜிதேந்திர சிங்கே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். நம் ஏரித் தண்ணீரையோ, நெல்லுக்கு வரும் நோயையோ ஆராய விரும்பும் ஒரு சாதாரணக் கல்லூரி ஆசிரியர், இனி கூலி எழுத்தாளரோடும் போட்டி போட வேண்டுமென்றால், அவர் கதி என்ன? அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேரும் நம் பிள்ளைக்கு உதவித்தொகை எங்கிருந்து வரும்?

இதற்குப் பரிகாரம் நம் ஊர்க் கல்வெட்டிலேயே பாதி இருக்கிறது. கேடும் அதே கல்லில் பாதி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலை விதிகளைச் சொல்லுகிறேன். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனாய், வேத மந்திரம் அறிந்தவனாய் இருந்தால்தான் குடத்தில் பெயர் விழும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அங்கே இடமேது? அன்று மந்திரம், இன்று மனுப் பாஷை. இது கேடு.

ஆனால் தகுதியானவர்களுக்குள் ஓலையை எடுத்தது உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்திலேயே போடக் கூடாது. இது நல்ல பாதி. இதை உலகம் இப்போதுதான் கற்கிறது. நியூசிலாந்தின் ஆரோக்கிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-இல் ஒருவகை மானியத்தைத் தகுதியான மனுக்களுக்குள் சீட்டுப் போட்டே கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அகாடமியும் 2022 முதல் சிறு மானியங்களுக்கு அப்படியே செய்யத் தொடங்கியது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது ஐந்து. மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழிலும் எழுத இடம் வேண்டும். எழுதியவர் யார், அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும். தகுதியில்லாததைத் தள்ளிவிட்டு, சமமாக நிற்பவற்றுக்குள் சீட்டுப் போட வேண்டும். முந்திய பணத்துக்குக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது.

தோழர்களே! நான் சொன்னதற்காக நம்பிவிடாதீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். சர்வகலாசாலையில் படிக்கும் உங்கள் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, அவன் ஆசிரியர் எத்தனை நாள் பாடம் நடத்தினார், எத்தனை நாள் மனு எழுதினார் என்று கேளுங்கள். பிறகு யோசித்து முடிவு செய்யுங்கள்.