கையெழுத்து யாருடையது?

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கருக்கலைப்பு. மேடை போட்டுப் பேசுகிற விஷயமா இது என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். மேடையில் பேசாததால்தான் நம் சால்களில் அது குழாயடியில் காதோடு காதாகப் பேசப்படுகிறது. மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்து விற்கப்படுகிறது. ரேஷன் கார்டுக்கும் பி.எஃப். பணத்துக்கும் குரல் கொடுக்கிற சங்கம், நம் பெண்களின் உயிர் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டால் அது அரைச் சங்கம்.

நாங்கள் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். ஆனால் ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான படிவங்களைப் பார்த்திருக்கிறோம். எந்தக் கோட்டுக்கு மேல் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் குமாஸ்தாவின் பிழைப்பே. அந்தக் கண்ணோடுதான் இந்தச் சட்டத்தையும் படித்தோம்.

முதலில் சட்டத்தின் கதை. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற என்றல்லாமல் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. கலைப்பவருக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது; அதிலும் 88ஆவது பிரிவாக அதே குற்றம் அப்படியே இருக்கிறது.

குற்றம் என்று எழுதி வைத்ததால் கருக்கலைப்பு நின்றதா? நிற்கவில்லை. குச்சியும் வேரும் நாட்டு மருந்துமாக இருட்டில் நடந்தது. வசதி உள்ளவர்கள் டாக்டரிடம் போனார்கள். ஏழைகள் சுடுகாட்டுக்குப் போனார்கள். அதனால் 1964இல் சர்க்கார் ஒரு குழு அமைத்தது. அப்போது மகாராஷ்டிர சுகாதார மந்திரியாக இருந்த சாந்திலால் ஷா அதன் தலைவர். அந்தக் குழுவின் அறிக்கை 1966இல் வந்தது. அதன் பேரில் 1971இல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி, 1972 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது. பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனத்துக்கோ கடும் பாதிப்பு, பலாத்காரத்தால் வந்த கர்ப்பம், பிள்ளைக்குக் கடுமையான ஊனம், மணமானவர்களுக்குக் கருத்தடை தவறிப்போனது ஆகிய காரணங்களுக்காக 20 வாரம் வரை டாக்டர் கலைக்கலாம் என்றது.

2021இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பமாக இருக்கும்போது கணவனை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர் போன்றோருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை செய்யலாம். அதற்கு மேல் என்றால், பிள்ளைக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிர் போகும் நிலை என்றால் வாரக் கணக்கே கிடையாது. கருத்தடை தவறிய காரணத்தில் 'மணமான பெண்' என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டு 'எந்தப் பெண்ணும் அவள் துணைவரும்' என்று மாற்றினார்கள். மணமாகாத பெண் என்பதற்காக 24 வார வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்புச் சொன்னது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கருக்கலைப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நிரப்ப வேண்டிய சம்மதக் காகிதத்துக்கு 'சி படிவம்' என்று பெயர். அதில் பெண்ணின் பெயர் உண்டு, இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று உண்டு, வயது உண்டு, நிரந்தர விலாசம், தற்போதைய விலாசம் இரண்டும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கென்றே எழுதியது போல! கீழே ஒரே ஒரு கையெழுத்து. அது அந்தப் பெண்ணுடையது. 18 வயது நிரம்பாதவர், மனநோய் உள்ளவர் என்றால் மட்டும் பாதுகாவலர் கையெழுத்து. கணவனுக்கு அதில் இடமே கிடையாது.

ஆனால் நடப்பது என்ன? நம் பகுதியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு சகோதரி, இரண்டாம் மாதத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். "புருஷன் கையெழுத்து எங்கே?" என்றார்கள். புருஷன் குஜராத்தில் கட்டட வேலையில் இருக்கிறான். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அவர் போனது ஆஸ்பத்திரிக்கு அல்ல, மருந்துக் கடைக்கு. சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்கினார். இரத்தம் நிற்காமல் போய், நடு இரவில் டாக்ஸியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தது. சட்டம் கேட்காத ஒரு கையெழுத்துக்காக ஓர் உயிர் போகப் பார்த்தது. 2022 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது, குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை.

"கருவும் உயிர்தானே, அதைக் கொல்வது பாவமில்லையா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் கேலி செய்யவில்லை. அது கனமான கேள்வி. கோர்ட்டே அதில் திணறியிருக்கிறது. 2023 அக்டோபரில் இரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு தாய், பிரசவத்துக்குப் பின் வந்த மன நோயால் இன்னொரு பிள்ளையைத் தாங்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கர்ப்பம் 26 வாரம். முதலில் அனுமதி கிடைத்தது. பின்னர் இரண்டு நீதிபதிகள் இருவிதமாகச் சொன்னார்கள். கடைசியில் மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். வாரம் ஏற ஏறக் கேள்வியின் கனமும் ஏறுகிறது என்பது உண்மை. அதனால்தான் சொல்கிறோம்: இரண்டாம் மாதத்தில் வருகிறவளைத் திருப்பி அனுப்பி, ஐந்தாம் மாதம் வரை அலைய விடாதீர்கள். கருவின் மேல் இரக்கம் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பாவம் என்று கருதும் பெண்ணை எந்தச் சட்டமும் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய மனச்சாட்சிக்கு அடுத்தவர் கையெழுத்துப் போட முடியாது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். எமர்ஜென்சி காலத்தில் சர்க்காரே மக்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தது. இந்த மகாராஷ்டிரத்தின் சட்டசபையில் 1976இல் கட்டாயக் கருத்தடைக்கு மசோதாவே நிறைவேறியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. அன்று மக்களின் கையெழுத்தைச் சர்க்கார் போடப் பார்த்தது. 1980களில் இந்த நகரத்து லோக்கல் ரயில் பெட்டிகளில் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கும் சோதனைக்கு விளம்பரம் ஒட்டினார்கள். பெண்கள் இயக்கங்கள் போராடி, 1988இல் மகாராஷ்டிரம் நாட்டிலேயே முதலாவதாக அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1994இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பெண் சிசு என்று மாமியாரும் புருஷனும் கலைக்கச் சொல்லி நெருக்கினால், அந்தக் கையெழுத்தும் அவளுடையதல்ல, வரதட்சணையின் கையெழுத்து. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றே ஆக வேண்டும் என்றாலும் சரி, கலைத்தே ஆக வேண்டும் என்றாலும் சரி, அவளைக் கேட்காமல் சொல்வது இரண்டும் ஒரே அநியாயம். பெற்றுக்கொள்ள விரும்புகிறவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவும், பிள்ளையை விட்டுச் செல்ல இடமும் கேட்டுப் போராடுவதும் இந்தச் சங்கத்தின் கடமை. வறுமைக்குப் பயந்து கலைப்பதைச் சுதந்திரம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

இன்னும் ஒன்று. நம் சட்டம் முழு உரிமையைத் தந்துவிடவில்லை. பெண் சம்மதித்தாலும் டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது மாற வேண்டும் என்று நாம் கேட்போம். ஆனால் கையில் இருக்கும் உரிமையை முதலில் பயன்படுத்துவோம்.

நாள் தள்ளிப்போனால் தாமதிக்காதீர்கள். சீட்டில்லாமல் மாத்திரை வாங்காதீர்கள். சில சமயம் கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கும். அதை அந்த மாத்திரை கலைக்காது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். 9 வாரம் வரை டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடியும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்கோ போங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. புருஷன் கையெழுத்துக் கேட்டால் "சி படிவத்தில் அந்த இடத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். சங்கத்திலிருந்து மராத்தியும் இந்தியும் தெரிந்த ஒரு பெண் தோழர் கூட வருவார்.

ஆண் தோழர்களுக்குக் கடைசியாக ஒரு சொல். கையெழுத்துத் தேவையில்லை என்பதால் நமக்கு வேலையில்லை என்று அர்த்தமல்ல. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் துணைக்கு நில்லுங்கள். திரும்பி வந்தபின் ஒரு வாரம் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.