தேன் பகிர்ந்த கைதி

(அய்யனார் கோவில் அடிவாரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இந்த மலையிலே பளியர் மக்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுக்கிறார்கள். அப்படியே உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுத்த ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் அலோய்ஸி எர்லிச். போலந்து நாட்டு யூதர். 1936, 1937, 1939 மூன்று ஆண்டுகளிலும் டேபிள் டென்னிஸ் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்தவர். 1936-ல் பிராக் நகரில், ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சளைக்காமல் ஆடினார்.

நாஜி வெறியர்கள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தனர். சுமார் 11 லட்சம் பேரைக் கொன்று குவித்த இடம் அது. அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். விஷவாயுக் கூடத்துக்கு அனுப்பப்பட்ட எர்லிச்சை, பேர்பெற்ற ஆட்டக்காரர் என்று நாஜிகள் அடையாளம் கண்டனர். அதனால் உயிர் தப்பினார்.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! பெயர் பெற்றவர் ஒருவர் பிழைத்தார். பெயர் தெரியாத தையற்காரரும், தாயும், கைக்குழந்தையும் சாம்பலானார்கள். கொலைகாரன் காட்டும் தயவு நீதியாகுமா?

ஆனால் எர்லிச் தன் உயிரை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலைக்கு அவரைக் காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் தேன்கூடு கண்டார். உடம்பெல்லாம் தேனைப் பூசி, சட்டையால் மறைத்து முகாமுக்குத் திரும்பினார். பட்டினி கிடந்த கைதிகள் அதை நக்கிப் பசியாறினார்கள். இதை அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி ரைஸ்மன் எழுதியிருக்கிறார்.

பெயரின்றி மாண்டவர்கள் ஐரோப்பாவில் மட்டுமா? 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவரில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

1945 ஜனவரி 27-ல் செஞ்சேனை ஆஷ்விட்ஸின் கதவுகளைத் திறந்தது. அதற்கு முன்பே டாக்கோ முகாமுக்கு மாற்றப்பட்டிருந்த எர்லிச்சும் உயிரோடு மீண்டார். பிரான்சுக்காக மறுபடியும் மட்டை பிடித்தார். 1992-ல் காலமானார்.

தோழர்களே, புகழ் ஒருவரைத்தான் காப்பாற்றியது. பகிர்ந்த தேனோ பலர் பசியைத் தணித்தது. மில்லிலும் வயலிலும் உழைக்கும் நமக்குப் பெரிய பெயர் கிடையாது. ஒருவரையொருவர் தாங்கும் ஒற்றுமை உண்டு. மதத்தின் பேரால், சாதியின் பேரால் எவன் நம்மைப் பிரிக்க வந்தாலும், இந்தத் தேனை நினைவில் வையுங்கள்!