அங்கே கேட்கும் நீதி, இங்கே கொடுக்கும் கூலி

(காத்தான்குடியில் வர்த்தகரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இந்த ஊரின் பிரதான வீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடந்துதான் இங்கே வந்து சேர்ந்தேன். வெளியூரார் அவற்றை வேடிக்கையாகப் பார்த்துச் செல்கிறார்கள். எனக்கோ அவற்றைக் காணுந்தோறும், அந்த மரத்திற்குச் சொந்தமான மண்ணிலே நம் பிள்ளைகள் படும் பாடு நினைவுக்கு வருகிறது. சவூதி, கட்டார், குவைத் என்பவை இங்கே ஆரையம்பதி, ஏறாவூர் போலப் பழகிவிட்ட பெயர்கள். படுவான்கரை வயலை ஈடு வைத்தும் தாயின் காப்பை அடகு வைத்தும் முகவருக்குப் பணங் கட்டியவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த மண்ணில் வேலை செய்கிறோமோ அந்த மண்ணின் சட்டமே நம்மை ஆளும். கொழும்பிலே கையெழுத்திட்டோம் என்பதற்காக இலங்கைச் சட்டம் நம்மோடு விமானம் ஏறி வந்துவிடாது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆயினும், றியாத்திலே வழக்கென்று வந்தால் அங்கே மேலோங்கி நிற்பது அரபு மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தமே. முகவர் தமிழில் வாயாற் சொன்னது காற்றோடு போய்விடும். ஆகவே, ஒப்பந்தத்தின் பிரதியொன்று வீட்டிலே, தாயின் பெட்டகத்திலே இருக்கட்டும்.

மூதூரிலிருந்து 2005 இற் சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பால் கொடுக்கையிற் குழந்தைக்கு மூச்சுத் திணறியது என்றே அவர் சொன்னார். கொலை என்று தீர்ப்பாயிற்று. 2013 சனவரி 9ஆம் நாள் அவருக்குச் சிரச்சேதம் நிறைவேற்றப்பட்டது. கடவுச்சீட்டிலே அவர் பிறந்த ஆண்டு 1982. பிறப்புப் பத்திரத்திலோ 1988. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதை ஏற்றி எழுதிய கை சவூதியில் இருக்கவில்லை, ஐயா. இந்த நாட்டிலே இருந்தது. சவூதித் தொழிற்சட்டம் வீட்டுப் பணிப்பெண்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கெனத் தனி விதிகள் வந்ததும் அதே 2013 இலேதான்.

கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்வோருக்குச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. சவூதியில் எட்டாண்டு உழைத்தவரை முதலாளி நிறுத்தினால், முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், எஞ்சிய மூன்றாண்டுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமுமாக ஐந்தரை மாதச் சம்பளம் சேரவேண்டும். அவரே விலகினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கு அறியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

இனி, நீங்கள் விரும்பாத பக்கத்திற்கு வருகிறேன். கோபிக்கவேண்டாம்.

துபாயிலே கடை நடத்தும் நம்மவர் ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டாம். அங்கே 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத்தை அவர் எழுத்துப் பிசகாமற் கடைப்பிடிக்கிறார். வேலையாளின் ஒப்பந்தத்தை அமைச்சிற் பதிகிறார். ஆள் சேர்க்கும் செலவைத் தாமே ஏற்கிறார். சம்பளத்தை அரசாங்கத்தின் கண்முன்னே வங்கி வழியாகக் கட்டுகிறார். கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பதில்லை. நோன்பு மாதத்திலே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார். அவருக்கு இந்த ஊரிலும் ஒரு புடவைக்கடை உண்டு. இங்கே வேலை செய்யும் பையனுக்கு நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இல்லை. நோன்பு மாதத்திலோ பெருநாள் வியாபாரத்திற்காக நள்ளிரவு தாண்டியும் துணி விரித்துக் காட்டுகிறான். அதற்கு மேலதிகக் கூலி கேட்டால், "பெருநாளைக்குச் சட்டை தந்தேனே" என்கிறார்!

அவர் கெட்டவர் அல்லர். அங்கே சட்டத்திற்குப் பயம் இருக்கிறது, இங்கே இல்லை. அவ்வளவுதான்.

நம்மிடம் சட்டம் இல்லையா? 1954 இன் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் இருக்கிறது. வாரத்திற்கு 45 மணி நேரம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. மிஞ்சிய வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. வேலையிற் சேரும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்கும் கடமை. 1958 இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு வேலையாள் இருந்தாலும் பொருந்தும். கட்டாரிலே 2021 மார்ச்சில் 1000 றியால் குறைந்தபட்சச் சம்பளமாக வந்தபோது மகிழ்ந்தோம் அல்லவா? இங்கேயும் 2016 இன் 3ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 சனவரி முதல் மாதம் 30,000 ரூபா.

அந்த 30,000 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 3,600 ரூபா. ஊழியர் எட்டு, அதாவது 2,400 ரூபா. பத்தாண்டிலே வட்டி இல்லாமலே 7,20,000 ரூபா. கடையிலே நிற்கும் பெண்பிள்ளை திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டால் அந்தப் பணத்தை அப்போதே பெறலாம். அந்தப் பணம் இருந்திருந்தால் எத்தனை தாய்மார் அடுப்பங்கரை வேலைக்குக் கடல் கடந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"கடை தாங்காது" என்பீர்கள். சிறு கடைக்காரரின் நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டாமல் விட்ட நிதி மறைந்துவிடுவதில்லை. தாமதக் கட்டணம் ஐந்து வீதத்திலிருந்து ஐம்பது வீதம் வரை ஏறும். கூலியைப்பற்றி மார்க்கம் சொல்வதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை, பள்ளிவாசலிலே கேட்டிருக்கிறீர்கள்.

கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேலையாளுக்குச் சூடடிக்கும் இயந்திரத்திற் கை போனால், 1934 இன் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; அரை மூடை நெல்லோடு கணக்குத் தீர்ந்துவிடாது.

மேசையிலே தமிழில் எழுதிய நியமனக் கடித மாதிரிகள் சில வைத்திருக்கிறேன். பெயர், வேலை, சம்பளம், நேரம், விடுமுறை ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறது. கடைக்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். சேமலாப நிதிப் பதிவுக்கு மட்டக்களப்பிலுள்ள தொழிற் கந்தோருக்குப் போகவேண்டும். தனியே போகத் தயங்குவோர் இருந்தால், திங்கட்கிழமை காலையில் நானும் கூட வருகிறேன்.