அவரவர் சுமையும் பிறர் பாரமும்

(ஆதரவாளர் கூடுகையின்போது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த மருத்துவமனையைத் தாங்கிவரும் அன்பர்களில் சிலர் அவ்வப்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, தொழுநோயாளிக்கும் பார்வையற்றவருக்கும் கொடுக்க மனம் வருகிறது. ஆனால் வாயைக் கட்டத் தெரியாமல் உடம்பைப் பெருக்கி, சர்க்கரை நோயை வரவழைத்துக்கொண்டவர்களுக்கும் நம் காணிக்கைப் பணத்தைச் செலவழிக்க வேண்டுமா?" கொடுக்கிறவர்களுக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே இன்று அதற்குப் பதில் சொல்ல முயலுகிறேன். அதற்காக உங்களை அமெரிக்க தேசத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிடம் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி பிகெஸ்ட் லூசர்' என்னும் போட்டி தொடங்கியது. அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. மிக அதிகமாக எடை இழந்தவர் என்பது ஒன்று. பெருந்தோல்வி அடைந்தவர் என்பது மற்றொன்று. மிகவும் பருத்த ஆண்களையும் பெண்களையும் ஓரிடத்தில் தங்கவைத்து, உணவைக் குறைத்து, நாள்தோறும் பல மணி நேரம் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பயிற்சியாளர்கள் அவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். வாரந்தோறும் எல்லாரும் பார்க்க எடை இயந்திரத்தில் நிறுத்தினார்கள். சில நாட்களில் அவர்களுக்கு முன்பாக இனிப்புகளையும் பலகாரங்களையும் குவித்து, சாப்பிடுகிறவருக்குச் சலுகை தருவதாகச் சொல்லி, யார் விழுகிறார் என்று வேடிக்கை பார்த்தார்கள். முடிவில் அதிக விழுக்காடு எடை குறைத்தவருக்கு இரண்டரை இலட்சம் டாலர் பரிசு. 2016 வரை அது என்.பி.சி.யில் ஓடியது, 2020இல் வேறொரு அலைவரிசையில் மீண்டும் ஒருமுறை வந்தது. இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர்களுக்குப் போதிக்கப்பட்ட பாடம் ஒன்றே: மனமிருந்தால் யாரும் இளைக்கலாம்; இளைக்காதவன் மனமில்லாதவன்.

அந்தப் பாடம் எவ்வளவு உண்மை? 2009ஆம் ஆண்டு எட்டாவது சுற்றில் டேனி காஹில் என்பவர் வென்றார். சுமார் 195 கிலோ இருந்தவர் ஏழே மாதங்களில் 87 கிலோவுக்கு வந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் இழந்ததில் 45 கிலோவுக்கும் மேல் அவர் உடலில் திரும்ப ஏறிவிட்டது.

அவர் ஒருவர் மட்டுமா? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அந்தச் சுற்றில் போட்டியிட்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பரிசோதித்தார்கள். அதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. போட்டிக்கு முன் அவர்களின் சராசரி எடை 149 கிலோ. போட்டி முடிவில் 91 கிலோ. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 132 கிலோ. ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் எடை கூடியிருந்தது. நால்வர் ஆரம்ப எடையையே தாண்டிவிட்டார்கள்.

காரணம் சோம்பல்தானோ என்று எண்ணத் தோன்றும். அந்த அறிஞர்கள் உடலையே அளந்து பார்த்தார்கள். நாம் சும்மா படுத்திருந்தாலும் இருதயம் துடிக்கவும், மூச்சு விடவும், உடம்பின் சூட்டைக் காக்கவும் சக்தி செலவாகிறது. அந்த 14 பேருக்கும், அவர்களுடைய உடல் அளவுக்கு எதிர்பார்க்கத்தக்க செலவைவிட நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவாயிற்று. அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். வயிறு போதுமென்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு போட்டி முடிவில் மிகவும் வற்றியிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் பழைய அளவுக்கு வரவில்லை. அதாவது, மற்றவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட வேண்டிய அவர்களுக்கு, மற்றவர்களைவிட அதிகமாகப் பசித்தது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதற்காக உடம்பு செய்கிற வேலை அது. அதை மனவுறுதி இல்லாமை என்று சொல்லிவிட முடியுமா?

பார்த்தவர்களுக்கு நேர்ந்ததையும் கவனியுங்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு இந்த நிகழ்ச்சியின் ஒரே ஒரு பகுதியையும், வேறு சிலருக்கு இயற்கையைப் பற்றிய படம் ஒன்றையும் போட்டுக் காட்டினார்கள். போட்டியைப் பார்த்தவர்களுக்குப் பருத்தவர்கள்மேல் வெறுப்பு அதிகமாயிற்று. எடை முழுவதும் அவரவர் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணமும் பலப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதுபோக்கு, அயலானைப் பார்க்கும் கண்ணையே மாற்றிவிட்டது.

பிரியமானவர்களே, இந்தக் கண் புதியதல்ல. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டபோது, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீஷர்கள் கேட்டார்கள். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. சேற்றை உண்டாக்கி அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவும்படி அனுப்பினார். அவனும் போய்த் தன் கையாலே கழுவினான். குற்றம் சாட்டாமலே ஒருவனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்க முடியும் என்பதை இங்கே காண்கிறோம். அவனால் செய்யக்கூடியதையே அவர் அவனிடம் கேட்டார்.

கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஒருவர் பாரத்தை மற்றொருவர் சுமக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் சொந்தப் பாரத்தைச் சுமப்பான் என்றும் எழுதுகிறார். முன்னுக்குப்பின் முரணா? மூல மொழியாகிய கிரேக்கத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்': ஒருவனை நசுக்கும் பளு. இரண்டாவது 'போர்த்தியோன்': ஒரு மனிதன் தோளில் எடுத்துச் செல்லத்தக்க மூட்டை. மூட்டையை அவனே சுமக்கட்டும். பளுவுக்கு நாம் தோள் கொடுக்க வேண்டும். அந்தத் தொலைக்காட்சி செய்த தவறு, பளுவை மூட்டை என்று சொன்னதுதான்.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அதே 14 பேரைப் பற்றி 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், எடையை அதிகமாகக் காத்துக்கொண்டவர்கள் போட்டிக்கு முன்பிருந்ததைவிட உடலுழைப்பை 160 விழுக்காடு கூட்டியிருந்தது தெரியவந்தது. எடை திரும்பியவர்கள் 34 விழுக்காடே கூட்டியிருந்தார்கள். ஆக, முயற்சி வீணல்ல. ஆனால் எப்படிப்பட்ட முயற்சி பலருக்கும் கைகூடும்?

அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையிலிருந்த 3,234 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் பாதி உடம்பைக் கரைக்கும்படி யாரும் கேட்கவில்லை. எடையில் 7 விழுக்காடு குறைக்கவும், வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற உழைப்பைச் செய்யவும் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்திலிருந்து கற்றுத்தர ஓர் ஆளையும் நியமித்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. நம்முடைய சென்னையிலும் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இவ்வகை ஆராய்ச்சி செய்து 2006இல் வெளியிட்டார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களுக்கு நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. இரண்டு இடத்திலும் யாரும் கத்தவில்லை, யாரையும் மேடையில் ஏற்றி நிறுக்கவில்லை. சுமக்கத்தக்க மூட்டை ஒன்றைக் கொடுத்து, கூடவே நடந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் வார்டுகளில் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருப்பவர்கள் பலர். நான் கட்டிலருகே போய் நின்றதும், "எல்லாம் என் வாயால் வந்த வினை ஐயா" என்று அவர்களே முந்திக்கொண்டு சொல்லுகிறார்கள். அவர்களுக்குக் குற்றப்பத்திரிகை வாசிக்க நாம் தேவையில்லை. அதை அவர்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை மருந்து, இரத்தப் பரிசோதனை, புண்ணைக் கழுவிக் கட்டும் ஒரு செவிலியர், ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டே எப்படிச் சாப்பிடலாம் என்று பொறுமையாகச் சொல்லித்தரும் ஒருவர். உங்கள் காணிக்கை அங்கேதான் போகிறது. ஆகவே, கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், ஆம், தயங்காமல் கொடுங்கள் என்பதே என் பதில்.

இன்னும் ஒன்று. சபையாராக நாமும் செய்யத்தக்கது உண்டு. அசன விருந்திலும் பிறந்தநாள் கேக்கிலும் மறுக்கிறவரை வற்புறுத்திச் சாப்பிட வைக்காதிருப்போம். பருத்த பிள்ளையை ஞாயிறு பள்ளியில் பட்டப்பெயர் வைத்து அழைக்க இடங்கொடாதிருப்போம். மாலையில் நடக்கும்போது, தனியாக நடக்கக் கூச்சப்படுகிற அயலாரையும் வாசலில் நின்று கூப்பிடுவோம். காசு செலவில்லாத காணிக்கை இது.

பிணியாளர்களைத் தேடி வந்த நம் ஆண்டவர், தோள் கொடுக்கும் உள்ளத்தை நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.