டார்வின் வீட்டுப் பிள்ளைகள்

பிள்ளைகள் பின்னால் ஓடவே வாரம் சரியாகப் போகிறது, சொந்த வேலை எங்கே நடக்கும்? சார்லஸ் டார்வின் வீட்டில் இரண்டும் கலந்தே நடந்தன.

இங்கிலாந்தின் டவுன் கிராமத்தில் வீடு. மாடிப்படியில் சறுக்கி விளையாட ஒரு மரப்பலகை. கத்தரிக்கோல், நூல் என்று எதையாவது தேடி ஆய்வறைக்குள் நுழைகிற பிள்ளைகள். விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாக அப்பாவிடம் பேரம் பேசினானாம் நாலு வயதுப் பொடியன்!

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பம்பிள் தேனீக்களின் பாதையைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளையே ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்ததும் கத்த வேண்டும், சம்பளமில்லாத உதவியாளர்கள்.

1839-இல் பிறந்த மூத்த மகனின் அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. அவை 1877-இல் ‘மைண்ட்’ ஆய்விதழில் கட்டுரையாயின.

பதிலுக்கு, அப்பா எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் கையெழுத்துப் பிரதித் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள்.