உரிய செயலியைக் கண்டறிதல்: வழிகாட்டுக் குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும்

(நகர சபை நூலகத்தில் தமிழ் பேசும் குடியிருப்பாளருக்கும் சமூகத் தொண்டர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 நவம்பர் மாதத்தில் அவுஸ்திரேலிய அரசின் கைப்பேசிச் செயலியொன்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதுவரை மைகவ்ஐடி என வழங்கிய அது, மைஐடி ஆயிற்று. ஏற்கெனவே அதனைப் பயன்படுத்தி வந்தோர் புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால், பழைய பெயர் எழுதப்பட்ட தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அத்தாளில் உள்ள பெயரைக் கைப்பேசியில் தேடுகிறார். அப்பெயரில் எதுவும் இல்லை. ஆனால் அதைப் போன்ற பெயருடையவை பல வந்து நிற்கின்றன. அவர் எதனைத் தொடுவார்?

பெயர் மாற்றத்திற்கே காரணம் குழப்பந்தான். மைகவ் வேறு, மைஐடி வேறு. மைகவ் என்பது மெடிகெயார், சென்டர்லிங்க், வரித் திணைக்களம் முதலிய சேவைகளை ஒருங்கே சென்றடையும் கணக்கு; ஒரு வீட்டைப் போன்றது. மைஐடி என்பது ஒருவர் தாம் யார் என்பதை நிறுவும் சாதனம், திறவுகோலைப் போன்றது. மைகவ் செயலியை வெளியிடுவது சேர்விசஸ் அவுஸ்திரேலியா. மைஐடி செயலியை வெளியிடுவது அவுஸ்திரேலிய வரித் திணைக்களம். வீட்டையும் திறவுகோலையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, முதியோர் குழம்புகிறார்கள் என்று குறை கூறுவது நியாயமன்று.

தவறான இடத்தில் கடவுச்சொல்லை இடுவதன் விளைவு சிறியதல்ல. மைகவ் கணக்கினுள் நுழைந்துவிட்ட ஒருவரால் ஓய்வூதியம் செல்லும் வங்கிக் கணக்கின் இலக்கத்தை மாற்ற இயலும். வரி மீளளிப்பைத் தம் பக்கம் திருப்பிவிடவும் இயலும். கொடுப்பனவு வந்து சேராத நாளில்தான் உரியவர் அதனை அறிவார்.

ஆகவே, வழிகாட்டுக் குறிப்பு எழுதுவோர் முதலில் தம் வாசகரின் விரல் எங்கே தடுமாறும் என்பதை அறிதல் வேண்டும். தமிழ்க் குறிப்புகளில் பெரிதும் காணப்படும் குறை, செயலியின் பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் தருவதாகும். தமிழில் எழுதிய பெயரைத் தேடுபெட்டியில் இட்டால் உரிய செயலி வருமென்று உறுதியில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க முடியும்: எம், வை, ஐ, டி, இடையே இடைவெளி இல்லை, மொத்தம் நான்கு எழுத்துகள். மைகவ் எனின் எம், வை, ஜீ, ஓ, வீ, ஐந்து எழுத்துகள். இவற்றைக் கைப்பேசித் திரையில் தோன்றும் அதே வடிவில் பெரிதாக அச்சிட்டு, அருகில் செயலியின் சின்னத்தையும் வண்ணத்தில் தருதல் நன்று. கறுப்பு வெள்ளையில் படியெடுத்த சின்னத்தால் பயன் குறைவு. நூலகப் படியெடுப்பான் அருகே நின்றவர்கள் இதனை அறிவர்.

அடுத்து, தேடலில் முதலாவதாக வருவதே அரசின் செயலி எனக் கொள்ளலாகாது. ஆப் ஸ்டோரிலும் கூகுள் பிளேயிலும் பணம் கொடுத்தோரின் விளம்பரம் மேலே நிற்பதுண்டு. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வெளியிட்டவரின் பெயர் இருக்கும். அதைப் பார்க்கும்படி குறிப்பு கூற வேண்டும். என்ன பெயர் இருக்க வேண்டும் என்பதையும் கூற வேண்டும். "அரசின் செயலியா எனச் சரிபார்க்கவும்" என்று மட்டும் எழுதி நிறுத்துவது, ஆற்றின் ஆழத்தைச் சொல்லாமல் கவனமாக இறங்குக என்பதற்கு ஒப்பாகும். இங்கு கூறிய இரு செயலிகளும் இலவசமானவை. தரவிறக்கக் கட்டணம் கேட்கப்படுமாயின் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தேடுவதைக் காட்டிலும் பாதுகாப்பான வழி ஒன்றுண்டு. அரசின் இணையத்தளத்துக்குச் சென்று, அங்குள்ள இணைப்பின் வழியே செயலியைப் பெறுவதே அது. தள முகவரி ஜீ-ஓ-வீ, புள்ளி, ஏ-யூ என முடிதல் வேண்டும். அம்முடிவை அரசு அமைப்புகளே பதிவு செய்ய இயலும். அவ்வெழுத்துகள் நடுவில் வந்து, வேறு ஏதேனும் ஒரு சொல்லில் முகவரி முடிந்தால் அது அரசின் தளமன்று. உள்நுழைவதற்கான இணைப்பை மைகவ் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ அனுப்புவதில்லை. இந்த ஒரு வரியைக் குறிப்பின் தலைப்பிலேயே அச்சிடலாம்.

குடும்ப வழக்கமொன்றையும் இங்கு பேசியாக வேண்டும். பெற்றோரின் கணக்குகளுக்கெல்லாம் மகனின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடுவது தமிழ் வீடுகளில் இயல்பு. அன்பினால் செய்வதுதான். எனினும் மைஐடிக்கு ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய மின்னஞ்சல் வேண்டும். ஒரே முகவரியைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ள இயலாது. செயலியை நிறுவும் முன்னரே இதனைச் சொல்லாத குறிப்பு, பாதி வழியில் வாசகரைக் கைவிட்டுவிடும். மேலும், மைஐடி மூலம் தளத்தினுள் நுழையும்போது திரையில் தோன்றும் நான்கு இலக்கக் குறியீட்டைச் செயலியில் இடும்படி கேட்கப்படும். தாமே உள்நுழைய முயலாத வேளையில், தொலைபேசியில் எவரேனும் ஓர் இலக்கத்தைச் சொல்லி அதைச் செயலியில் இடுமாறு கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

குறிப்புகளும் முதுமையடைகின்றன. 2020 ஏப்ரலில் வெளியான கோவிட்சேஃப் செயலி 2022 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதனை நிறுவுமாறு கூறும் தாளில் திகதி இல்லையெனில், அது பழையது என வாசகர் எவ்வாறு அறிவார்? ஆதலால் ஒவ்வொரு தாளிலும் இறுதியாகச் சரிபார்த்த திகதி இடம்பெற வேண்டும். எந்த மாநிலத்துக்கு உரியது என்பதும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் காட்டுத்தீ, வெள்ளம் பற்றி எச்சரிப்பது ஹசார்ட்ஸ் நியர் மீ செயலி, விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி. மெல்பேர்ண் உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய நல்ல குறிப்பு சிட்னி வீட்டுக்கு உதவாது.

இறுதியாக, செயலி வேண்டாதவர்களும் உள்ளனர். மைகவ் கணக்கைக் கணினியின் வழியாகவும் பயன்படுத்தலாம். சேர்விசஸ் அவுஸ்திரேலியாவுடன் தமிழில் பேச விரும்புவோர் 131 202 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். ஏனைய அரச அலுவலகங்களுடன் பேச 131 450 வழியாக உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். மைகவ் உதவிக்கு 132 307. தவறான இணைப்பைத் தொட்டு விவரங்களைக் கொடுத்துவிட்டதாக ஐயுற்றால் முதலில் வங்கிக்கு அறிவித்து, பின்னர் சேர்விசஸ் அவுஸ்திரேலியாவின் மோசடி உதவிப் பிரிவை 1800 941 126 இல் அழைக்க வேண்டும். வெட்கத்தால் பிள்ளைகளுக்கு மறைத்து ஒரு நாள் தாமதித்தால், அந்த ஒரு நாளே ஏமாற்றுவோருக்குப் போதுமானது.