எழுத்தும் ஒலியும் இளஞ்சிறாரும்



எழுத்து ஒன்றாகவும் உச்சரிப்பு வேறாகவும் உள்ள சொற்களைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் விஷயத்தை ஆராயப் பாளையங்கோட்டையில் கூடியிருக்கும் நாம், இத்தொல்லை ஆங்கிலத்துக்கே உரியது, எழுதியபடியே வாசிக்கப்படும் தமிழுக்கு இல்லை என்று பெருமிதம் கொள்ளும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். 'பால்' என்பதில் உள்ள பகரம் வேறு, 'தம்பி'யில் உள்ள பகரம் வேறு. ககரமோ 'கல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்றிடத்தும் மூன்று ஒலி பெறுகிறது.

இவ்வேறுபாடு தாறுமாறானது அன்று. சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லொலியாக நிற்கும் எழுத்து, மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு இடையிலும் அதிர்ந்தோ நெகிழ்ந்தோ ஒலிக்கும் என்னும் நியமத்தை, இதே ஜில்லாவில், தேரிக்காட்டுச் சீமையான இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கி வைத்தார். ஆயினும் அதை ஒன்றாம் வகுப்பில் விதியாக ஓதுவது வீண் சிரமம் என்பதே என் துணிபு. ஏனெனில் குழந்தை அந்த விதியைத் தன் நாவிலேயே பள்ளிக்குக் கொண்டுவருகிறது. தாமிரபரணியின் பகரம் அதிர்ந்து ஒலிக்க, அதன் கரையிலுள்ள சிந்துபூந்துறையின் பகரம் மட்டும் வல்லொலியாகவே நிற்பது ஏன் என்று கேட்டால் பெரியவர்களாகிய நாமே சற்றுத் தடுமாறுவோம். குழந்தையோ இரண்டையும் பிழையின்றிச் சொல்கிறது.

பஸ்ஸின் பெயர்ப்பலகையில் 'அம்பாசமுத்திரம்' என்பதை எழுத்துக்கூட்டும் ஒரு சிறுமியைக் கவனியுங்கள். 'அ', 'ம்' என்று விரலை நகர்த்தி, 'பா'வைப் பாலின் பகரமாகவே அழுத்திச் சொல்லி, 'ச'வில் தயங்கி, 'முத்' என்று வந்ததும் சட்டென்று தலைநிமிர்ந்து, கண்டக்டர் கூவும் அதே ஓசையில் ஊர்ப்பெயர் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். 'பா'விலேயே மறித்துத் திருத்தியிருந்தால் அந்தக் கணம் வாய்த்திராது. முதல் வாசகங்கள் தெரிந்த ஊர், தெரிந்த உறவு, தெரிந்த பண்டம் ஆகியவற்றால் அமைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உண்மையான சங்கடம் வடமொழியிலிருந்தும் பிற மொழிகளிலிருந்தும் வந்த சொற்களில் இருக்கிறது. 'குரு', 'தினம்', 'பயம்', 'பஸ்' என்பனவற்றுக்கு மேற்சொன்ன நியமம் உதவாது. 'பீமன் கதை' என்று பாடத்தலைப்பு இருந்தால், அது பாட்டி சொல்வதா, பீமன் தோளில் சுமப்பதா என்று எழுத்து நமக்குச் சொல்வதில்லை. இவற்றைப் பிரித்துக் கூட்டச் சொல்லாமல், படத்தோடும் வாக்கியத்தோடும் முழுச் சொற்களாக, சிறிது சிறிதாகப் பழக்குவதே உசிதம். புதிய எழுத்துகளைச் சேர்த்துவிடலாமே என்பாரும் உண்டு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிட்மன் சிறாருக்கென அமைத்த தனி நெடுங்கணக்கை 1960-களில் பல பள்ளிகள் ஆர்வத்தோடு ஏற்றன. ஆனால் அதில் பழகிய பிள்ளைகளுள் பலர் வழக்கமான எழுத்துக்கு மாறும்போது இடர்ப்பட்டதால் அம்முயற்சி நாளடைவில் கைவிடப்பட்டது.

வீட்டுப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பிள்ளை 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பதை 'வாளப்பளம்' என்றும், 'காற்று' என்பதைக் 'காத்து' என்றும் வாசித்தால், அச்சொல்லை அது அறிந்துகொண்டது என்றே பொருள். ழகர அப்பியாசத்துக்குப் பாட்டு நேரம் இருக்கிறது. வாசிப்பு நேரத்தில் நாக்கை மடிக்கச் சொல்லி வகுப்பையே சிரிக்கவைக்கும் ஆசிரியரிடம் எனக்குச் சம்மதமில்லை.

'காசு', 'பசு' என்னும் இரண்டிலும் ஒரே 'சு' எவ்வாறு வேறுபடுகிறது என்னும் குற்றியலுகர விவகாரத்தைப் பிற்பகல் அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். அதற்குமுன், முதலிரு வகுப்புப் பாடநூல்களில் நியமத்துக்கு அடங்காத சொற்கள் எவை, எந்தப் பாடத்தில் முதன்முதல் தலைகாட்டுகின்றன என்று ஒரு ஜாபிதா தயாரிக்கும் பொறுப்பை இம்மாநாடு ஏற்க வேண்டும் என்று பிரேரேபித்து, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.